காலை எழுப்பு!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் முடித்து மின்சார ரயிலுக்கு ஓடும் தம்பியே, திருவள்ளூர் தெருவில் கயிறு கட்டி ஷட்டில் ஆடும் தங்கையே, உன்னிடம்தான் பேசுகிறேன். நல்ல பேட் இல்லை, உள்ளரங்கம் இல்லை என்ற புலம்பலை இன்றோடு விடு. ஷட்டிலில் கை செய்வது கடைசி வேலை. அதற்கு முந்தையது எல்லாம் காலின் வேலை. கால் உன்னிடம் இருக்கிறது!

உன் மாவட்டத்துப் பெண்ணைப் பார். திருவள்ளூரின் மனிஷா ராமதாஸ், 2005-இல் பிறந்தவர். பிறக்கும்போதே வலது கை நரம்பில் பாதிப்பு. 2022-இல் டோக்கியோவில், கை பாதிப்புள்ளோருக்கான எஸ்யூ5 பாரா பேட்மின்டன் ஒற்றையர் பிரிவில் உலக சாம்பியன். 2024 பாரிஸ் பாராலிம்பிக் அரையிறுதியில் காஞ்சிபுரத்தின் துளசிமதி முருகேசனிடம் தோற்றார். ஒடிந்தா போனார்? வெண்கலத்துக்கான ஆட்டத்தில் டென்மார்க் வீராங்கனையை 21-12, 21-8 என்று வீழ்த்தினார். வெள்ளி துளசிமதிக்கு. ஒரே மேடையில் நம் பெண்கள் இருவர்!

எஸ்யூ5 பிரிவுக்குக் கோர்ட்டில் சலுகை கிடையாது. தன் பக்கத்தின் 5.18 மீட்டர் அகலம், 6.7 மீட்டர் நீளம், முழுதாக ஓடித்தான் ஆக வேண்டும். எழும்பி ஸ்மாஷ் அடிக்கும்போது பேட் பிடிக்காத கைதான் உயர்ந்து உடம்பைச் சாயாமல் நிறுத்தும். அந்தக் கை முழுதாக ஒத்துழைக்காவிட்டால், பாரமெல்லாம் இடுப்புக்கும் காலுக்கும்தான்.

இப்போது உன் காலுக்கு வா. எதிராளி ஷட்டிலை அடிக்கப்போகும் நொடியில் ஒரு சின்னத் துள்ளல் போடு. கால்கள் தோளகலத்துக்கு விரியட்டும். முழங்கால் மடங்கி, முன்பாதத்தில் இறங்கு. மடங்கிய கால்தான் வில்லாக உன்னை விசிறும். மரமாக நின்று பார்த்துவிட்டு ஓடினால் ஷட்டில் தரையில் கிடக்கும். நெட் அருகே எட்டி வைக்கும்போது குதிகால் முதலில் பதியட்டும், விரல்கள் போகும் திசையைப் பார்க்கட்டும். பின்கோட்டில், வலக்கை ஆட்டக்காரன் வலது காலை உந்தி எழ வேண்டும். காற்றிலேயே இடுப்பைத் திருப்பி, பின்னால் இடது காலில் இறங்க வேண்டும். அடித்ததை ரசித்து அங்கேயே நிற்காதே! இறங்கிய காலே உன்னை நடுவுக்குத் தள்ளட்டும்.

இதற்கு ஷட்டிலே வேண்டாம். இன்று மாலை மொட்டைமாடியில் சாக்பீஸால் ஆறு மூலை குறி. சிமென்ட் தரை முழங்காலைத் தின்னும், ஷூ இல்லாமல் குதிக்காதே. நடுவில் துள்ளு, மூலைக்குப் போ, நடுவுக்கு வா. மூச்சு வாங்கினால் நில். வாங்கி முடித்ததும் மறுபடி துள்ளு!