அபயத்தில் பொறித்த பெயர்

புதுக்கோட்டையிலிருந்து அன்னவாசல் செல்லும் வழியிலுள்ள சித்தன்னவாசல் குன்றின்மீது ஏறி, பாறை விளிம்பை ஒட்டிச் செல்லும் ஒடுங்கிய பாதையைக் கடந்து, ஏழடிப்பட்டம் என்று வழங்கும் குகைக்குள் நுழைபவர்கள், ஜைன முனிவர்கள் கிடந்து தவம் புரிந்த 17 கற்படுக்கைகளைக் காணலாம். அவற்றுள் ஒரு படுக்கையில், எருமைநாட்டுக் குமிழூரில் பிறந்த ஒருவருக்கு இளையர் என்பவர் செய்துகொடுத்த இருக்கை இது என்று, ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் பிராமி எழுத்திலே ஒரு சாசனம் காணப்படுகிறது. எருமைநாடு என்பது இன்றைய மைசூர்ப் பகுதி என்பது அறிஞர் கொள்கை. வந்தவர் பிறந்த நாடு, பிறந்த ஊர், இடம் கொடுத்தவரின் பெயர் ஆகிய இத்தனை விவரங்களும் அந்தப் பாறையில் இருக்க, இக்காலத்து விசாவில் தவறாமல் இருக்கும் ஒன்று மட்டும் அதில் இல்லை: எந்தத் தேதிக்குள் எழுந்து போகவேண்டும் என்ற கெடு.

ஜைன தர்மம் இல்லறத்தாருக்கு நான்கு தானங்களை விதித்தது. அவை ஆகாரம், அபயம், ஔஷதம், சாஸ்திரம் என்பன. நம் மாவட்டத்திலிருந்து வைத்தியம் கற்க அயல்நாடு செல்லும் மாணவனுடைய நிலையை இந்த நான்கின் வெளிச்சத்தில் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். பிற்காலத்தில் ஔஷத தானம் செய்வதற்காக அவன் இப்போது சாஸ்திர தானம் பெறப் போகிறான். அதைப் பெறுவதற்கோ அந்நிய மண்ணின் அபயம் அவனுக்கு முதலில் வேண்டியிருக்கிறது. புதுக்கோட்டையிலேயே 2017-இல் அரசு மருத்துவக் கல்லூரி தோன்றிவிட்டது என்றாலும், அதன் இடங்களுக்கு மாநிலமெங்கும் போட்டி நிலவுவதாலும், தனியார் கல்லூரிக் கட்டணம் நடுத்தரக் குடும்பத்தின் சக்திக்கு மீறியிருப்பதாலும், சீனம், பிலிப்பைன்ஸ், ஜார்ஜியா, கிர்கிஸ்தான் என்று பிள்ளைகள் புறப்படுகிறார்கள். பணம் கொடுத்துப் பெறுவதைத் தானம் என்று சொல்வது பொருந்துமா என்று கேட்கலாம். கட்டணம் கொடுத்து வகுப்பில் ஓர் இடத்தை வாங்கலாம். அந்த நாட்டில் அச்சமின்றிக் கண்ணயரும் உரிமையை எந்தக் கட்டணத்தாலும் வாங்க முடியாது. அது இன்னும் தானமாகவே இருக்கிறது. ஆகவே கொடுப்பவனுக்கு உரிய தர்மமும் அதில் இருந்தே தீரவேண்டும்.

அந்தத் தர்மம் யாது என்பதை 2020-ஆம் ஆண்டு நமக்குக் கேள்வியாக்கியது. கொரோனா பரவத் தொடங்கிய நாட்களில் சீனத்திலிருந்து ஊர் திரும்பிய இந்திய மாணவர்கள், சில வாரங்களில் மீண்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு புத்தகங்களையும் துணிமணிகளையும் விடுதி அறைகளிலேயே விட்டு வந்தார்கள். அவ்வாண்டு மார்ச்சு இறுதியில் சீனம் அயல்நாட்டாரின் வருகையை நிறுத்தியது. மாணவர் விசா மறுபடி வழங்கப்படும் என்ற அறிவிப்பு வருவதற்கு 2022 ஆகஸ்டு ஆயிற்று. இடைப்பட்ட இரண்டரை ஆண்டுகளில், அங்கே இடம் பெற்றிருந்த 20,000-க்கும் மேற்பட்ட இந்திய மாணவர்கள், அவர்களில் பெரும்பாலோர் வைத்தியம் படித்தவர்கள், நோயாளியின் நாடியைத் தொட்டுக் கற்கவேண்டிய வித்தையைக் கைப்பேசித் திரையிலே கற்கலானார்கள். அதே சமயம், நேரில் பெறாத பயிற்சியை ஏற்பதற்கில்லை என்று நம் நாட்டுத் தேசிய மருத்துவ ஆணையம் கூறிற்று. 2021-இல் அது வகுத்த விதிகள் 54 மாதப் படிப்பையும், அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியையும் கோருகின்றன. ஒரு தேசம் வராதே என்றது. மற்றொரு தேசம் போகாமல் படித்தது செல்லாது என்றது.

பொருள் பல தன்மைகளை உடையது, ஒவ்வொரு நயத்திலிருந்தும், அதாவது நோக்கிலிருந்தும், அதன் ஒரு பகுதியே தென்படும் என்பது ஜைனரின் அநேகாந்த வாதம். அதன்படி ஆராய்ந்தால், கொள்ளை நோயிலிருந்து தன் பிரஜைகளைக் காக்க வாயிலை அடைத்த அரசு தவறு செய்ததாகச் சொல்வதற்கில்லை. அரைகுறைப் பயிற்சி பெற்றவரிடம் நோயாளியை ஒப்படைக்க மறுத்த ஆணையமும் தவறு செய்யவில்லை. சேர்ந்த படிப்பை முடிக்கவேண்டும் என்று ஏங்கிய மாணவனோ யாதொரு குற்றமும் அறியான். மூன்று நியாயங்கள் ஒன்றுசேர்ந்து, அவற்றின் பாரம் முழுவதும் மூவரில் மிக எளியவன் தோளில் விழுந்தது. இறுதியாண்டில் திரும்பி வந்து படிப்பை முடித்தவர்கள், தகுதித் தேர்வில் தேறியபின், ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு பயிற்சி பெறலாம் என்று 2022 ஜூலையில் ஒரு வழி திறந்தபோதுகூட, யாரும் செய்யாத பிழைக்குரிய பிராயச்சித்தத்தை மாணவனே ஏற்கவேண்டியதாயிற்று. எல்லா நயங்களும் மெய்தான் என்று காட்டும் தத்துவம், ஆகவே ஒருவரும் பொறுப்பில்லை என்று கைகழுவுவதற்கு இடம் கொடுத்துவிடலாகாது.

வாசலில் நிற்பவனைப் பார்த்து இடமில்லை என்று சொல்வது வேறு. உள்ளே அழைத்து, இலை போட்டுப் பாதிச் சோறு பரிமாறியபின் கதவைச் சாத்துவது வேறு. முன்னது மறுப்பு, பின்னது கைவிடுதல். கைவிடுதலுக்கும் தவிர்க்கமுடியாத காரணம் இருக்கக்கூடும். ஆனால் அப்போது எவ்வளவு காலம், எதற்காக என்று சொல்லும் கடமை கொடுத்தவனைச் சேர்கிறது. விசாவுக்குக் கெடு குறித்தவர்கள், அதன் மறுப்புக்குக் கெடு குறிக்கவில்லை என்பதே அந்த இரண்டரை ஆண்டுகளின் பெருங்குறை.

இதே புதுக்கோட்டையில், சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துலட்சுமி என்ற பெண் மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது, ஆண்கள் பயிலும் இடத்தில் பெண்ணா என்று ஆட்சேபம் கிளம்பிற்று. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அதைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். அந்தப் பெண்ணே 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் வைத்தியராகி, 1925-இல் மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. கடல் கடக்குமுன் தம்முடைய ஊரின் எல்லையையே அவர் கடக்கவேண்டியிருந்தது. அரசனுடைய தயவை நம்பி வாழும் காலம் திரும்பவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தயவு ஒருத்திக்குக் கிட்டும், பலருக்குக் கிட்டாது. விதியோ எல்லோருக்கும் பொது. ஆனால் அந்த அனுமதியை யார் கொடுத்தார் என்பது ஊருக்குத் தெரிந்திருந்தது. ஆட்சேபித்தவர்கள் எவரிடம் போய்க் கேட்கவேண்டும் என்பதும் தெரிந்திருந்தது.

விசா வேண்டி மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவனுக்கு இன்று கிடைக்காதது அதுவே. ஏஜெண்டைக் கேட்டால் கல்லூரியைக் காட்டுகிறார். கல்லூரி தூதரகத்தைக் காட்டுகிறது. தூதரகம் அறிவிப்புக்குக் காத்திருக்கச் சொல்கிறது. மறுப்பைக்கூட மனிதன் தாங்கிக்கொள்வான். கேட்பதற்கு ஒரு முகம் இல்லாமையை அவனால் தாங்க முடிவதில்லை. ஏழடிப்பட்டத்துச் சிற்பி, இருக்கை பெற்ற அயலாரைக் குறித்ததோடு நிறுத்திக்கொள்ளாமல், கொடுத்தவரின் பெயரையும் கல்லில் வெட்டியதைப் புகழாசை என்று மட்டும் கருதுவதற்கில்லை. இந்த மனிதர் இங்கே படுத்திருப்பதற்கு நான் பொறுப்பு என்று அந்த இளையர் உலகறியச் சொன்ன வாக்குமூலமாகவும் அதைப் படிக்கலாம்; அப்படிப் படித்தால், அபயம் என்ற சொல்லுக்கு அகராதி தராத ஒரு பொருள் அந்தப் பாறையில் கிடைக்கிறது.