மூச்சாய்ப் போகும் எடை

ஆனி. வெயிலடிக்கிறது. சாரலும் விழுகிறது.

குற்றாலப் பேரருவிக்கு முன்னால் சட்டைகள் கழல்கின்றன. வயிறுகள் வெளியே வருகின்றன. சரிந்தவை, உருண்டவை, ஒட்டியவை. மூச்சை இழுத்துப் பிடித்து வயிற்றை ஒளிக்கிற ஆள் இங்கே ஒருவரும் இல்லை.

உச்சியிலிருந்து விழுகிற தண்ணீர் நடுவழியில் பொங்குமாங்கடல் என்கிற பாறைக் குழியில் இறங்கி, வேகம் தணிந்து, பிறகுதான் தோளுக்கு வருகிறது.

தோள் அதை வாங்கிக்கொள்கிறது.

எண்ணெய் தேய்க்கிறவரின் கை வயிற்றைச் சுற்றி வருகிறது. "மூச்ச விடுங்க அண்ணாச்சி."

தேய்க்கத் தேய்க்கக் கொழுப்பு கரையும் என்கிறார் பக்கத்தில் இருப்பவர். கரையாது. ஆனாலும் எழுந்து நிற்கும்போது உடம்பு லேசாக இருக்கிறது.

தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பு கைக்கு அகப்படுகிறது. உள்ளே, குடலை ஒட்டி, ஈரலில் படிந்து இருப்பது அகப்படுவதில்லை. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பலருக்கு அந்த வழியாக வருகின்றன.

2004இல் 'லான்செட்' இதழில் வந்த ஒரு படம் நினைவில் எழுகிறது. புனேயின் மருத்துவர் யாஜ்னிக், லண்டனின் மருத்துவர் யட்கின். இருவரும் அருகருகே. உயரத்துக்கும் எடைக்கும் போடும் கணக்கில் இருவருக்கும் ஒரே எண்: 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம். யாஜ்னிக் உடம்பில் 21.2.

மெலிந்த கையும் சின்னத் தொப்பையுமாக ஒருவர் அருவியிலிருந்து வருகிறார். தலை துவட்டுகிறார்.

அந்தக் கணக்கில் நமக்கு 23லேயே கவனம் வேண்டும் என்கிறார்கள். இடுப்பளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80. டேப்பைச் சுற்றி, மூச்சை விட்ட பிறகு பார்க்க வேண்டும்.

2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேருக்குக் கூடுதல் எடை. ஆண்களில் 37.

எண் ஒரு பக்கம் இருக்கிறது. ஈரத் தோள்கள் ஒரு பக்கம்.

பிரானூர் பார்டர் புரோட்டாக் கடை. கல்லில் எண்ணெய் பொரிகிறது. புரோட்டாவை இரண்டு கையாலும் அடித்து உதிர்க்கிற சத்தம்.

அருவியில் நின்றுவிட்டு வரும் பசிக்கு ஈடே இல்லை. குளிரில் உடம்பு தன் சூட்டைக் காக்கக் கொஞ்சம் எரிக்கிறது. பசியோ அந்தக் கணக்கைப் பார்ப்பதில்லை.

முதல் புரோட்டா பசிக்கு. அடுத்தது சால்னாவுக்கு. அதற்கடுத்தது எதற்கென்று பார்க்கிறேன். இலையில் வந்து விழுந்துவிட்டது, அவ்வளவுதான்.

நிறைந்துவிட்டது என்று வயிறு சொல்லி அனுப்பும் சேதி மெதுவாகத்தான் மூளைக்குப் போகிறது. கல்லில் அடுத்த ஈடு வேகிறது.

எடை இறங்கினால் உடம்பு பஞ்சம் வந்ததாக எண்ணிக்கொள்கிறது. கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற சுரப்பு குறைகிறது. பசி கூடுகிறது. மெல்போர்னில் எடை குறைத்தவர்களை ஒரு வருஷம் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். பசியைத் தூண்டும் சுரப்புகள் அப்போதும் அடங்கவில்லை. 2011இல் வந்த ஆய்வு. 'வாயைக் கட்டத் தெரியவில்லை' என்று சொல்கிற உறவினர்கள் யாரும் அதைப் படித்திருக்க மாட்டார்கள்.

இலையை மடிக்கிறேன்.

ஐந்தருவிச் சாலை. நடை.

கரைகிற கொழுப்பு எங்கே போகிறது? 2014இல் இரண்டு ஆஸ்திரேலியர்கள் கணக்குப் போட்டார்கள். பத்துக் கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் வெளியேறுகிறது. மிச்சம் 1.6 கிலோ தண்ணீர்.

வேகமாக மூச்சு விட்டால் மட்டும் அது போகாது. தசை கேட்க வேண்டும். கால் நகர வேண்டும்.

இழுக்கிறேன். விடுகிறேன். எவ்வளவு போனதென்று தெரிவதில்லை.

வழியெல்லாம் பழக்கடைகள். மங்குஸ்தான், ரம்புத்தான். கடைக்காரம்மா தராசுத் தட்டைத் துடைக்கிறார்.

"ஒரு கிலோ போடட்டா அண்ணாச்சி, ரெண்டா?"