வாசற்படியின் உயரம்

பவணந்தி முனிவர் நன்னூலின் சொல்லதிகாரத்தை முடிக்கும் இடத்தில், பழைய வழக்குகள் மறைவதையும் புதியவை வந்து சேர்வதையும் குற்றமாகக் கொள்ள வேண்டாம், அது காலத்தின் இயல்பு என்று இசைவு தருகிறார். மாற்றத்தைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் இந்த இசைவை நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் அது நூலின் இறுதியில் வருகிறது என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. மொழியைத் தாங்கி நிற்கும் கட்டுக்கோப்பு எது என்பதை முழுமையாகச் சொல்லி முடித்த பின்னரே அவர் அதை அளிக்கிறார். எது நிலைக்க வேண்டும் என்று தெளிந்தவருக்கே, எது மாறலாம் என்று சொல்லும் துணிவு வரும்.

நம் பங்குகளில் உள்ள தொடக்கப் பள்ளிகளைக் குறித்து இன்று எழும் கவலைக்கும் இதுவே பொருந்தும். ஊரார் "ஆர்.சி. பள்ளிக்கூடம்" என்று அழைக்கும் அந்த ஓட்டுக் கட்டடங்களில் எது மாறலாம், எது மாறக்கூடாது? இந்தக் கேள்வியை ஆயரகத்திற்கோ தாளாளருக்கோ கன்னியர் இல்லத்திற்கோ மட்டும் உரியதென்று ஒதுக்கிவிட முடியாது. பொதுநிலையினராகிய நாமும் இதற்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

படியேறி வருபவர் யார்?

சேலம் மாவட்டத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிக்கப்பட்டது 1965 அக்டோபர் 2 அன்று. அதே மாதம் 28ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி குறித்த அறிக்கையை வெளியிட்டது. கத்தோலிக்கப் பள்ளிகள் பொருளற்ற ஏழைகள்மீதும், குடும்பத்தின் துணையும் அன்பும் இழந்தவர்கள்மீதும், நம்பிக்கை எனும் கொடையைப் பெறாதவர்கள்மீதும் தனி அக்கறை காட்ட வேண்டும் என்று அந்த அறிக்கை கேட்டுக்கொண்டது. உரோமையில் எழுதியவர்கள் நம் மாவட்டத்தை அறிந்திருக்க மாட்டார்கள். ஆயினும் அவர்கள் சுட்டிய மூவகைக் குழந்தைகளும் நம் பள்ளியின் படியேறி வருகிறார்கள்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்தின் எழுத்தறிவு 80 விழுக்காடு. தருமபுரியின் எழுத்தறிவு 68.5 விழுக்காடு. மாநிலத்திலேயே மிகக் குறைவான மாவட்டம் இதுவே. மானாவாரி நிலத்தில் கேழ்வரகும் சாமையும் விளையும் ஊர்களில், மழை பொய்த்தால் பெற்றோர் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ கேரளத்துக்கோ வேலை தேடிப் போகிறார்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வருவது பாட்டியின் கை. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, பள்ளிக்கு வந்து தமிழில் எழுதப் பழகும் குழந்தைகளும் இங்கு உண்டு. நம் பள்ளிகளில் பெரும்பாலான பிள்ளைகள் கத்தோலிக்கர் அல்லர் என்பதும் நாம் அறிந்ததே.

இத்தகைய குழந்தைக்குப் பள்ளியின் அன்றாட வாழ்வு மிக எளியது. மணி அடிக்கிறது, வணக்கக் கூட்டம் நடக்கிறது, வருகைப் பதிவேட்டில் அதன் பெயர் வாசிக்கப்படுகிறது, "உள்ளேன் ஐயா" என்று அது பதில் சொல்கிறது. அந்தப் பெயரை முழுமையாகவும் மரியாதையாகவும் ஒருவர் நாள்தோறும் உச்சரிக்கும் இடம் அதற்கு வேறு எங்கும் இல்லாமலிருக்கலாம். தன் ஆடுகளைப் பெயர் சொல்லி அழைக்கும் ஆயனைப் பற்றி யோவான் நற்செய்தியில் வாசிக்கும் நமக்கு, வருகைப் பதிவேடு வெறும் அலுவலக ஏடாகத் தோன்றக் கூடாது.

இழப்பென்று கருதக் கூடாதவை

மாற்றம் என்றதும் நம்மில் மூத்தோர் பெருமூச்சு விடுவதுண்டு. பலகையும் குச்சியும் போயின. மணலில் எழுதும் பழக்கம் போயிற்று. வாய்ப்பாடு ஒப்பிக்கும் ஓசை குறைந்துவிட்டது. ஆசிரியர் கையில் பிரம்பு இல்லை. அந்தக் காலத்துப் பள்ளியே பள்ளி என்று முடிக்கிறோம்.

ஆனால் பழமை என்று நாம் போற்றுவதும் ஒருகாலத்தில் புதுமையாகவே வந்தது. எகர ஏகாரத்தையும் ஒகர ஓகாரத்தையும் மயக்கமின்றி வேறுபடுத்தி எழுதும் வடிவத்தைத் தந்தவர் என்று தமிழுலகம் வீரமாமுனிவரைப் போற்றுகிறது. நம் மறைப்பணியாளர் ஒருவர் கொணர்ந்த மாற்றத்தையே ஒன்றாம் வகுப்புக் குழந்தை இன்று இயல்பாக எழுதுகிறது. 1978இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தது. அதற்கு முன் படித்த பாட்டி, "மலை" என்னும் சொல்லில் துதிக்கை வளைந்த பழைய "லை"யை எழுதுவார். பேரனோ புதிய வடிவத்தை எழுதுவான். இருவரும் ஒரே மலையைத்தான் எழுதுகிறார்கள். வடிவம் மாறியதால் பொருள் கெட்டுவிடவில்லை.

பிரம்பின் மறைவுக்கு வருந்துவதும் சரியன்று. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகச் செய்வதையும் தடை செய்தது. குழந்தையை இறைவனின் சாயல் என்று கற்பிக்கும் திருச்சபை, இதில் சட்டத்தை முந்திச் சென்றிருக்க வேண்டும்.

நம் மாவட்டத்திற்கே உரிய மற்றொரு மாற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். நிலத்தடி நீரில் மிகுந்திருந்த ஃபுளோரைடு, பற்கள் உருவாகும் இளம் பருவத்திலேயே குழந்தைகளைத் தாக்கிற்று. பல்லில் படிந்த பழுப்புக் கறை துலக்கினால் போவதன்று. சிரிக்கும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்ளும் பழக்கம் சிறுமிகளுக்கு இதனால் வந்தது. 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை ஊர்களுக்குக் கொண்டு வந்தது. நல்ல நீரைக் குடித்து வளரும் பிள்ளை கையை எடுத்துவிட்டுச் சிரிக்கலாம். இதை நன்றியோடு ஏற்பதுதானே முறை?

உணவும் அவ்வாறே. 1982இல் எம்.ஜி.ஆர். விரிவுபடுத்திய சத்துணவு நண்பகல் பசியை ஆற்றியது. காலைப் பசி எஞ்சியிருந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று தொடங்கி, 2023 ஆகஸ்டு 25 முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. ஊரகங்களின் அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கு அது வந்தது 2024 ஜூலை 15 அன்று. திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் புனித அன்னாள் பெயர் தாங்கிய பள்ளியில் அவ்விரிவாக்கம் தொடங்கிற்று. இடைப்பட்ட ஏறத்தாழ பதினொரு மாதங்கள், ஒரே தெருவில் ஒரு பிள்ளை பள்ளியில் உண்டது, ஆர்.சி. பள்ளிக்கு வந்த பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டு நடந்தது. தட்டில் உப்புமா வந்து விழுந்த நாளில் எத்தனையோ தாய்மார் ஆறுதல் பெற்றிருப்பர்.

ஒரே வளாகம், இரு வாயில்

கடினமான கேள்வி இனிதான் வருகிறது. நம் வளாகங்கள் பலவற்றில் இரண்டு பள்ளிகள் உண்டு. ஒன்று, அரசு உதவி பெறும் தமிழ்வழித் தொடக்கப் பள்ளி, கட்டணமில்லை. மற்றொன்று, கட்டணம் பெறும் ஆங்கிலவழிப் பள்ளி. இரண்டுக்கும் ஒரே புனிதர் பாதுகாவலர். ஆனால் வாயில் வேறு, சீருடை வேறு, பெற்றோர் வந்திறங்கும் வண்டியும் வேறு. ஒரு பக்கம் சேர்க்கைக்கு நெருக்கடி. மறுபக்கம் ஆண்டுதோறும் எண்ணிக்கை சரிகிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். ஐந்து வகுப்பை இருவர் நடத்துவதைக் காணும் பெற்றோர் பிள்ளையை அழைத்துக்கொண்டு போகிறார்கள். அதனால் எண்ணிக்கை மேலும் குறைகிறது. இப்படித் தேய்ந்து, ஒருநாள் பள்ளியை மூடிவிடலாமா என்ற பேச்சு எழுகிறது.

ஆங்கிலம் தேடும் பெற்றோரைப் பழிக்க நமக்கு உரிமையில்லை. ஓசூரின் தொழிற்சாலையிலும் பெங்களூரின் அலுவலகத்திலும் எந்த மொழிக்குக் கதவு திறக்கிறது என்பதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள். பிள்ளை தம்மைப்போல் கல் சுமக்கக் கூடாதென்று கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தும் தாயின் விருப்பம் புனிதமானது. மேலும், 2010இல் தொடங்கிய சமச்சீர்க் கல்விக்குப் பின் இரு பள்ளிகளின் மாநிலப் பாடத்திட்டமும் ஒன்றே. மொழி மட்டுமே வேறு. ஆயினும் அந்த ஒரு வேறுபாட்டின்மேல் நாம் வேறு பலவற்றை ஏற்றிவிட்டோம்: இது நம் பிள்ளைகளுக்கான பள்ளி, அது ஏழைப் பிள்ளைகளுக்கான பள்ளி என்று.

ஆசிரியர்களின் பாதுகாவலரான புனித ஜான் பாப்டிஸ்ட் தெ லாசாலின் வாழ்வை இங்கு எண்ணிப் பார்க்கலாம். பதினேழாம் நூற்றாண்டின் பிரான்சில் குழந்தைகள் முதலில் இலத்தீனில் வாசிக்கப் பழகுவதே வழக்கம். அதுவே மதிப்புக்குரிய மொழி. அவர் அதை மாற்றி, தாய்மொழியாகிய பிரெஞ்சில் வாசிப்பைத் தொடங்கினார். சில ஆண்டுகளே பள்ளிக்கு வரக்கூடிய ஏழைப் பிள்ளை, விளங்காத மொழியில் அந்த நாட்களை இழக்கக் கூடாது என்பது அவர் எண்ணம். இன்னொன்றும் செய்தார். கட்டணம் தர இயன்றவர் பிள்ளையையும் இயலாதவர் பிள்ளையையும் ஒரே பெஞ்சில் இலவசமாக உட்கார வைத்தார். தம் வருமானம் போகிறதென்று எழுத்துப் பயிற்சி ஆசிரியர் சங்கத்தார் அவர்மீது வழக்குத் தொடுத்தனர். அப்போதும் அவர் பிள்ளைகளைப் பிரிக்கவில்லை.

லாசால் பழமையைக் காத்தவரா, புதுமையைப் புகுத்தியவரா? மொழியை மாற்றினார், முறையை மாற்றினார், அக்காலத் துறவற அமைப்பின் வடிவத்தையும் மாற்றினார். மாற்ற மறுத்தது ஒன்றை மட்டுமே: ஏழைப் பிள்ளைக்கென்று தனி வாயில் வைப்பதில்லை என்பதை. ஆகவே நாம் விவாதிக்க வேண்டியது தமிழா ஆங்கிலமா என்பதன்று. ஏழைப் பிள்ளைக்கு நல்ல ஆங்கிலத்தையும், வசதியுள்ள பிள்ளைக்கு நல்ல தமிழையும் கற்பிப்பது ஒரே வளாகத்தில் இயலாத செயலன்று. எந்த மாற்றம் வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி இது: இதனால் பள்ளியின் வாசற்படி மிக எளியவருக்குத் தாழ்ந்ததா, உயர்ந்ததா?

காலை உணவு படியைத் தாழ்த்தியது. பிரம்பின் மறைவு படியைத் தாழ்த்தியது. அழகிய புதுக் கட்டடம் எழுப்பி அதற்கான செலவைக் கட்டணத்தில் சேர்த்தால் படி உயர்கிறது. கட்டடம் அழகாயிற்றே என்று நாம் கைதட்டும்போது, ஒரு பாட்டி பேரனின் கையைப் பிடித்தவாறு வெளியே நின்று திரும்பிவிடக்கூடும்.

ஆசிரியரும் மனிதரே

மாற்றத்தின் சுமை ஆசிரியர் தோளில் முதலில் இறங்குகிறது. 2007-08இல் செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகளும் ஏணிப்படிகளும் வந்தன. பின்னர் 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டு, தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பில் பெயர் பதிந்த பிள்ளை, இரண்டாம் வகுப்பில்தான் ஆசிரியர் முகத்தை நேரில் கண்டது. அந்த இழப்பை ஈடுசெய்ய 2022இல் "எண்ணும் எழுத்தும்" வந்தது. கற்பித்தலோடு, செல்பேசிச் செயலியில் பதிவேற்றும் வேலையும் சேர்ந்தது.

2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம், ஓய்வுபெற ஐந்தாண்டுகளுக்கு மேல் உள்ள ஆசிரியர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று தீர்ப்பளித்தது; சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்பதைப் பெரிய அமர்வின் முடிவுக்கு விட்டது. இருபது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்றவர்களுக்கு உண்டாகும் அச்சத்தை எளிதாகக் கடந்துவிடக் கூடாது. ஆசிரியர்க்குத் தகுதி வேண்டும் என்பது குழந்தையின் உரிமை. நடுவில் வந்த விதியால் ஒருவரின் இத்தனை ஆண்டுப் பணி மதிப்பிழக்கக் கூடாது என்பதும் நீதி. இரண்டையும் ஒருசேரப் பிடித்துக்கொள்வது கடினம். ஞாயிறு திருப்பலி முடிந்து ஆசிரியரை வழியில் காண்கையில், சம்பளத்தைப் பற்றி ஏளனம் பேசாமல், வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதாவது நம்மால் இயலும்.

நம்மிடம் கேட்கப்படுவது

1997இல் நம் மறைமாவட்டம் சேலத்திலிருந்து பிரிந்து உருவாயிற்று. 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இனியும் மாறும். சில ஊர்களில் குழந்தைகளே குறைந்துபோவதால் சில பள்ளிகளை இணைக்கவும் நேரலாம். ஒரு கட்டடத்தை மூடுவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. எந்தக் குழந்தைக்காக அது கட்டப்பட்டதோ, அந்தக் குழந்தை அடுத்து எங்கே போகும் என்று கேட்காமல் மூடுவதே தவறு.

பங்குப் பேரவையில் திருவிழாக் கொடியேற்றமும் தேர் அலங்காரமும் மணிக்கணக்கில் பேசப்படுகின்றன. ஆண்டுக்கு இருமுறை, பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டையும் அங்கே திறந்து வைப்போம். இடையில் நின்றுபோன பிள்ளைகள் யார், அவர்கள் வீட்டுக்கு யார் போனார் என்று கேட்போம். வளாகத்தின் இரு பள்ளிகளும் விளையாட்டையும் ஆண்டுவிழாவையும் ஒன்றாக நடத்தட்டும். ஆங்கிலம் நன்கு அறிந்த நம் இளைஞர் வாரம் ஒரு மாலை தமிழ்வழிப் பிள்ளைகளோடு அமரட்டும். இவற்றிற்கு அரசாணையும் பெருந்தொகையும் தேவையில்லை.

தம்முள் பெரியவர் யார் என்று சீடர்கள் வாதிட்டபோது, ஆண்டவர் ஒரு குழந்தையை எடுத்து அவர்கள் நடுவே நிறுத்தினார். ஓரத்திலோ வெளி வாயிலிலோ நிறுத்தவில்லை. அந்தக் குழந்தை யாருடையது, எந்த மொழி பேசியது, காலையில் உண்டதா என்று நற்செய்தி நமக்குச் சொல்லவில்லை. எந்தக் குழந்தையாகவும் இருக்கலாம் என்பதற்காகவே அதைச் சொல்லாமல் விட்டது போலும்.