பொறுத்துப் போவதுதான் தர்மமா?



"போனா போகட்டும் விடுப்பா, நமக்கு எதுக்கு வம்பு?" நம்ம வீடுகளில் இந்த வார்த்தையைக் கேட்காமல் வளர்ந்த பிள்ளை இருக்க முடியாது. வேலையிடத்தில் காரணம் சொல்லாமல் நிறுத்திட்டாங்களா? விடு. லோக்கப்பில் வைத்து அடிச்சாங்களா? உயிரோட வந்தியே, அதுவே போதும், விடு. இப்படிச் சொல்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை. தோட்டத்தில் தண்டலுக்கும் துரைக்கும் பயந்து வாழ்ந்த நம் தாத்தா பாட்டிக்கு, வாய் திறந்தால் வேலை போகும். வேலை போனால் லயத்து வீடும் போகும். அந்தப் பயத்துக்கு அன்று ஒரு காரணம் இருந்தது.

ஆனால் இன்று அந்தப் பயத்துக்கு நாம் பெயர் மாற்றி வைத்திருக்கிறோம். "பொறுமை" என்கிறோம். கொஞ்சம் சமயமும் சேர்த்து "எல்லாம் அவன் கர்மா" என்கிறோம். அநியாயத்தைப் பொறுத்துப் போவதை நம் தர்மம் உண்மையிலேயே சொல்கிறதா?

பதில் கேட்க முடிந்தவன், கேட்காமல் மன்னித்தால் அது பொறுமை. கேட்கத் தெரியாமலும் பயந்தும் சும்மா இருப்பவனிடம் இருப்பது பொறுமை இல்லை. இன்னொன்றும் இருக்கிறது. எனக்கு நடந்ததை நான் மன்னிக்கலாம். அதே அதிகாரி, அதே முதலாளி நாளைக்கு இன்னொரு பையனிடம் அதையே செய்வார் என்று தெரிந்தால், அந்தப் பையன் சார்பில் மன்னிக்க எனக்கு என்ன உரிமை?

நம் கதைகளைப் பாருங்கள். திருவாரூரில் கன்றை இழந்த பசு, "என் தலையெழுத்து" என்று போய்விடவில்லை. ஆராய்ச்சி மணியை அடித்தது. மனுநீதிச் சோழனின் நீதியைப் பாராட்டும் நாம், அந்த மணியை யாரோ ஒருவர் அடிக்க வேண்டியிருந்தது என்பதை மறந்துவிடுகிறோம். கண்ணகி பாண்டியன் சபைக்கு வெறும் கண்ணீரோடு போகவில்லை. கையில் ஒற்றைச் சிலம்போடு, அதாவது ஆதாரத்தோடு போனாள். திரௌபதி கௌரவர் சபையில் முதலில் எழுப்பியது ஒரு சட்டக் கேள்வி: தன்னையே தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு உரிமை உண்டா? பெரியவர்கள் வாய்மூடி இருந்தார்கள். அந்த மௌனத்தை மகாபாரதம் புண்ணியமாகக் கணக்கு எழுதவில்லை.

கர்மா விஷயமும் அப்படித்தான். நடந்தது பழைய வினையாகவே இருக்கட்டும். அதற்கு நான் இப்போது என்ன செய்கிறேன் என்பதும் ஒரு வினைதானே?

மனசு வலித்தால் அது உரிமை மீறலா?

இங்கே ஒரு தெளிவு வேண்டும். வலிக்கிற எல்லாமே சட்டப்படி உரிமை மீறல் ஆகிவிடாது. நம் கூட்டரசு அரசியலமைப்பின் 5-ஆவது விதி உயிரையும் தனிமனித சுதந்திரத்தையும் காக்கிறது. 8-ஆவது விதி சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்கிறது. 10-ஆவது பேச்சு, கூட்டம், சங்கம் பற்றியது. 11-ஆவது சமயச் சுதந்திரம். இவை பெரும்பாலும் அரசையும் அரசு அதிகாரிகளையும் கட்டுப்படுத்துபவை. 2005-இல் பியாட்ரிஸ் பெர்னாண்டஸ் என்ற விமானப் பணிப்பெண், கர்ப்பமானதால் வேலை இழந்த வழக்கில், அரசியலமைப்பின் சமத்துவ விதியைத் தனியார் ஒப்பந்தத்துக்கு எதிராகப் பயன்படுத்த முடியாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

"இந்தியர்களுக்கு வாடகைக்கு இல்லை" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் நமக்கு இரத்தம் கொதிக்கிறது. ஆனால் தனியார் வீட்டுக்காரர் இனம் பார்ப்பதைத் தடுக்க இந்த நாட்டில் இதுவரை தனிச்சட்டம் கிடையாது. அது அதர்மம்தான். இன்றைய சட்டத்தில் குற்றமாக இல்லை, அவ்வளவுதான். அதற்கு வழி, சட்டம் கொண்டுவரச் சொல்லி நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேட்பது. வேலையிடப் பாகுபாடு வேறு கதை: 2023 ஜனவரி முதல் அமலான வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, அதைத் தொழிலாளர் இலாகாவிடம் புகாராகக் கொண்டு போகலாம். ஆகவே கோபப்படும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன நடந்தது? செய்தது யார், அரசா தனியாரா? எந்தச் சட்டம் அதைத் தொடுகிறது?

கைதானால்

கைதாகிறவருக்கு, ஏன் கைது என்று சொல்லியாக வேண்டும். தனக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்க உரிமை உண்டு. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். இவை 5-ஆவது விதியிலேயே இருக்கின்றன. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு, உறவினர் அல்லது நண்பர் ஒருவருக்கும் வழக்கறிஞருக்கும் தகவல் சொல்ல வாய்ப்புத் தரச் சொல்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு. ரிமாண்ட் எத்தனை நாள் என்பது குற்றத்தைப் பொறுத்தது: 14 ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றம் என்றால் மொத்தம் 7 நாள், அதற்கு மேல் என்றால் 14 நாள் வரை.

காசு இல்லையே என்று கலங்க வேண்டாம். கைது, ரிமாண்ட், ஜாமீன் போன்ற குற்றவியல் விஷயங்களில் ஒய்பிஜிகே எனப்படும் தேசியச் சட்ட உதவி அறவாரியம், வருமானம் குறைந்த குடிமக்களுக்கு வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. குடும்ப வழக்கு போன்ற சிவில் விஷயங்களுக்கு அரசின் சட்ட உதவித் துறை இருக்கிறது. வழக்கறிஞர் மன்றமும் சட்ட உதவி மையங்கள் நடத்துகிறது. மனித உரிமைப் புகார்களை சுஹாகாம் விசாரிக்கும். ஆனால் நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கில் அது தலையிடாது. அதன் பரிந்துரையைக் கட்டாயப்படுத்தவும் முடியாது. போலீஸ்காரரின் நடத்தை பற்றிய புகாருக்கு, 2023 ஜூலை முதல் ஐபிசிசி ஆணையம் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: காலக்கெடு. அநியாயமாக வேலையை விட்டு நீக்கினால் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். அரசு அதிகாரியின் முடிவை நீதிமன்றம் மறுஆய்வு செய்யக் கேட்க 3 மாதம். அரசு அதிகாரிகள் மீது நஷ்டஈட்டு வழக்குப் போட 36 மாதம். "பொறுத்துப் பார்ப்போம்" என்று உட்கார்ந்தவர்களில் பலருக்குக் கதவு மூடியதே தெரியாது. காயம் பட்டால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், படம் எடுங்கள், போலீஸ் புகார் செய்து நகலை வாங்கி வையுங்கள். குற்றம் எந்த ஊரில் நடந்திருந்தாலும், எந்த நிலையத்திலும் புகார் கொடுக்கலாம்.

ஆதாரம் என்ன செய்யும் என்பதற்கு குகன் வழக்கே சாட்சி. 2009 ஜனவரியில் அந்த இளைஞர் போலீஸ் காவலில் இறந்தபோது, முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் கோத்தது என்றது. குடும்பம் விடவில்லை. மலாயாப் பல்கலைக்கழக மருத்துவமனையில் நடந்த இரண்டாவது பரிசோதனை, உடலில் இருந்த காயங்களைப் பதிவு செய்தது. தாயார் வழக்குப் போட்டார். 2013-இல் உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. போன உயிர் வரவில்லை. ஆனால் நடந்தது என்ன என்பது தீர்ப்பில் பதிவாகிவிட்டது.

ஜெயிக்காவிட்டால்?

"கேஸ் போட்டு என்னத்தைக் கண்டாங்க?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியை எடுத்துக்கொள்வோம். 2009-இல் அவருடைய முன்னாள் கணவர், தாய்க்குத் தெரியாமல் மூன்று பிள்ளைகளையும் மதம் மாற்றினார். 2013-இல் உயர் நீதிமன்றத்தில் வெற்றி, 2015-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோல்வி. 2018 ஜனவரி 29-இல் கூட்டரசு நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளும் ஒருமனதாக, பிள்ளைகளின் மதமாற்றத்துக்குத் தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்றார்கள். அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் கடைசி மகள் அம்மாவிடம் வந்து சேரவில்லை.

அப்படியென்றால் அந்த ஒன்பது வருடம் வீணா? அந்தத் தாயிடம் போய் "நீங்க ஜெயிச்சிட்டீங்க" என்று சொல்ல யாருக்கும் மனசு வராது. ஆனால் அன்றிலிருந்து அதே நிலைக்கு வரும் ஒவ்வொரு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்தத் தீர்ப்பு துணை நிற்கிறது. பலனைப் பிடித்துக்கொள்ளாமல் கடமையைச் செய் என்று கீதை சொல்வதை வகுப்பில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வாழ்க்கையில் அது எவ்வளவு கனம் என்பதை இப்படிப்பட்டவர்களிடம்தான் பார்க்க முடியும்.

உரிமை கேட்பவனுக்கும் தர்மம் உண்டு. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். ஒரு அறை வாங்கியதைப் பத்து அறை ஆக்கினால் வழக்கும் போகும், சத்தியமும் போகும். ஒரு அதிகாரி செய்ததற்கு ஓர் இனத்தையே திட்டுவதும் அதர்மம். இன்னொன்று, இது நமக்குக் கசக்கும். நம்மவர் கடையில், உணவகத்தில் வேலை செய்யும் வெளிநாட்டுத் தொழிலாளியின் கடப்பிதழைப் பிடுங்கி வைத்திருந்தால் அதுவும் சட்டமீறல்தான். அவருக்கும் சம்பளம், ஓய்வு நாள், மரியாதை உண்டு. அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டு, நமக்கு நடந்தால் மட்டும் நீதி கேட்டால், அது நீதி இல்லை, சுயநலம்.

ஒவ்வொரு கிளையும் இந்த ஆண்டு இரண்டு காரியம் செய்யலாம். ஒரு வழக்கறிஞரை அழைத்து, கைது, வேலை நீக்கம் பற்றி ஒரு மாலை பேச வையுங்கள். போலீஸ் நிலையத்துக்கும் தொழிலாளர் இலாகாவுக்கும் போகப் பயப்படுகிறவரோடு துணைக்குப் போக இரண்டு பேரைத் தயார் செய்யுங்கள். பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்திருந்தாலே பாதிப் பயம் போய்விடும். ஆராய்ச்சி மணி இந்த நாட்டிலும் தொங்குகிறது. கயிறு எட்டாதவருக்குக் கை கொடுப்பதும் தொண்டுதான்.