கூடை கடனை அடைக்காது

மனம் கலங்கிய நாட்களில் கைவேலை நல்லது என்பதை வெறும் ஆறுதல் பேச்சு என்று ஒதுக்க வேண்டியதில்லை. 2016-இல் வெளியான அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழக ஆய்வில் 39 பேர் களிமண், வண்ணப் பேனா, வெட்டி ஒட்டும் படங்கள் என 45 நிமிடம் விரும்பியதைச் செய்தார்கள். சுமார் 75 சதவீதம் பேருக்கு, மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் ஹார்மோன் குறைந்திருந்தது. முன்பழக்கம் இருந்ததா என்பது இதில் பொருட்டாகவில்லை. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழுவும் இல்லை. ஆனாலும் முதல் உலகப்போரிலேயே காயம்பட்ட சிப்பாய்களுக்கு மருத்துவமனைகளில் கூடை முடையவும் பூத்தையல் போடவும் கற்றுக்கொடுத்தார்கள்.

கடன்காரர் வாசலில் நிற்கும்போது வயர் கூடை பின்னி என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். கடனுக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் கவலை ஒரே கணக்கை நூறு தடவை போடவைக்கிறது. முடிச்சில் கவனம் நிற்கும் அரைமணி நேரம் அந்தக் கணக்கு ஓய்கிறது. அதனால்தான் புதிதாகக் கற்கவேண்டிய நுணுக்க வேலையைவிட, ஒரே முடிச்சு திரும்பத் திரும்ப வரும் கூடையும் குரோஷாவும் இந்த நாட்களுக்குத் தோது. தவறினால் பிரித்து மறுபடி போடலாம், வயரும் நூலும் வீணாகாது. விற்பதற்கென்று தொடங்கினால் மட்டும் அதுவே இன்னொரு கவலை.