குருவை எப்படி வரைவது?

சிறு பிள்ளைகளுக்கான படப் புத்தகத்தில் ஒரு குருவை முட்டாளாக வரையலாமா? பரமார்த்த குருவின் கதையைக் கையில் எடுக்கும் ஓவியர் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் தூரிகையைத் தொட வேண்டும். கதையை எழுதிய வீரமாமுனிவர் 1680இல் இத்தாலியில் பிறந்த இயேசு சபைத் துறவி. கொள்ளிடத்துக்கு வடக்கே, அரியலூர்ச் சீமையின் ஏலாக்குறிச்சியில் பல ஆண்டுகள் தங்கி, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பி, அந்த ஊரைத் திருக்காவலூர் என்று கொண்டாடிக் கலம்பகமும் பாடியவர். குரு கதையை அவர் பிள்ளைகளை நினைத்து எழுதவில்லை. தமிழ் படிக்க வந்த பாதிரிமாருக்குப் பேச்சு நடை பழகட்டும் என்று எழுதினார். 1822இல் பெஞ்சமின் பாபிங்டன் லண்டனில் அதை ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். பிறகு அது பிள்ளைகள் கைக்கு வந்து சேர்ந்தது. வந்தது நல்லதுதான், தாராளமாக வரையலாம் என்பது என் கட்சி.

மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று குருவுக்கு ஐந்து சீடர்கள். ஆறு தூங்குகிறதா என்று பார்க்கக் கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைக்கிறார்கள். அது சுர்ரென்று சீறியதும், ஆறு விழித்திருக்கிறது என்று பயந்து பின்வாங்குகிறார்கள். ஒருவழியாக அக்கரை ஏறியதும் ஒருவன் தலையெண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்துதான் வருகிறது. ஆளை ஆறு விழுங்கிவிட்டது என்று ஒரே ஒப்பாரி. வழிப்போக்கன் ஒருவன் வந்து ஆளுக்கோர் அடி போட்டு எண்ணிக் காட்டிய பிறகே அழுகை ஓய்கிறது. இதே கணக்கை அத்வைதிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அங்கே ஆற்றைக் கடப்பவர்கள் பத்துப் பேர், காணாமல் போனவன் பத்தாமவன். 14ஆம் நூற்றாண்டு வித்யாரண்யர் பஞ்சதசியில் இதை விரித்துப் பேசுகிறார். திருவண்ணாமலை ரமணரும் உள்ளது நாற்பதில் இதைத் தொட்டுக் காட்டுகிறார். தேடுகிறவன்தான் தேடப்படுகிறவன் என்பது அங்கே பாடம். ஒரே சம்பவம் ஓரிடத்தில் உபதேசம், இன்னோரிடத்தில் வேடிக்கை. வேடிக்கையானதால் உபதேசம் போய்விட்டது என்று எனக்குத் தோன்றவில்லை. விட்டுப்போனவன் எண்ணுகிறவனேதான் என்று பிடிபட்டால்தானே சிரிப்பே வரும்?

இங்கேதான் படத்துக்கு வேலை. காதால் மட்டும் கேட்கும் பிள்ளை கணக்கை மனசில் வைத்துக்கொண்டு திண்டாடும். ஆறு பேரையும் பக்கத்தில் நிறுத்திவிட்டால் நாலு வயதுப் பிள்ளை விரல் வைத்து எண்ணிவிடும். வழிப்போக்கன் வரும் முன்பே அவன் வேலையைத் தானே செய்துவிடும். ஆகவே எண்ணுகிற சீடனைப் பக்கத்தின் ஓரத்தில் பாதியாக வெட்டிவிடக் கூடாது. ஒருவர் மேல் ஒருவர் படாமல், தலை முதல் கால் வரை ஆறு உருவமும் தெரிய வேண்டும். குதிரை முட்டை என்று அவர்கள் ஏமாந்து வாங்குகிற பூசணிக்காயும் அப்படித்தான்: காம்பும் வரியுமாகப் பூசணிக்காயாகவே இருக்கட்டும். வழவழவென்று முட்டை மாதிரி தீட்டினால் பிள்ளையும் சேர்ந்து ஏமாறும். அடுத்தவன் மடமையைப் பார்த்துச் சிரிக்கப் பழக்கினால் பிள்ளைக்குத் திமிர் ஏறாதா என்று கேட்கலாம். ஆனால் வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் அம்மா, அப்பா, தம்பி என்று எண்ணித் தன்னை விட்டுவிடுகிற வயதும் அதுதான். சீடன் அதற்கு அவ்வளவு தூரத்து ஆள் இல்லை.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. மதம் பரப்ப வந்தவர் இந்நாட்டு மடங்களைக் கேலி செய்த கதையைப் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அந்த உள்நோக்கம் அவருக்கு அறவே இல்லை என்று நான் வாதாடப் போவதில்லை. ஆனால் பொய்க் குருவைச் சாடத் தமிழுக்கு வெளியார் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வள்ளுவர் கூடா ஒழுக்கத்துக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். திருமூலர் குருட்டுக் குருவை விட்டுவைக்கவில்லை. தவிர, காவி உடுத்து, புலித்தோல் ஆசனத்தில் அமர்ந்து, தாமே இந்நாட்டுக் குரு போல வாழ்ந்தவர் என்றுதான் வீரமாமுனிவரைப் பற்றி வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்தக் கோலத்தை அவர் கேலிக்குரியதாக நினைத்திருந்தால் உடுத்தியிருப்பாரா? ஆபத்து எழுத்தைவிடப் படத்தில்தான் அதிகம். குரு என்று எழுதினால் போதும், நெற்றியைப் பற்றிப் பேச்சே வராது. வரைகிறபோது நெற்றி வந்தே தீரும். அதில் பட்டையா, நாமமா? எதைப் போட்டாலும் ஒரு கூட்டத்தை விரல் நீட்டிக் காட்டியதாகிவிடும். வெறும் நெற்றியாக விடுவதே நியாயம். சப்பென்று இருக்கிறதே என்று ஓவியர் முகம் சுளிக்கலாம், சுளிக்கட்டும். முகத்திலும் கொடூரமோ கபடமோ வேண்டாம். இந்த குரு யாரையும் ஏமாற்றுகிறவர் அல்ல, ஏமாறுகிறவர்.

கடைசியில் குரு இறந்துபோகிறார். பின்பக்கம் குளிர்ந்தால் மரணம் என்று ஒரு பிராமணர் சொன்ன குறியை நம்பி, அந்தப் பயத்திலேயே அவர் காலம் முடிகிறது. பிள்ளைகளுக்காக இதை வெட்டிவிடலாம் என்பார்கள். வெட்டினால் மூடநம்பிக்கை வெறும் கோமாளித்தனமாக மிஞ்சும். அது உயிரையும் வாங்கும் என்பது கதையிலிருந்து போய்விடும். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்கு என்றால் குதிரைக் கதையோடு நிறுத்திக்கொள்ளலாம், மோசமில்லை. பெரிய பிள்ளைகளுக்கு முழுக் கதையும் வேண்டும், ஆனால் மரணத்தை எழுத்தில் மட்டும் சொன்னால் போதும். சொன்ன வார்த்தை கடந்து போய்விடும். வரைந்த பிணத்தைப் பிள்ளை புத்தகம் திறக்கும்போதெல்லாம் பார்த்தாக வேண்டும்.