செய்நேர்த்தி என்கிற சாக்கு

ஒரு காரியத்தை முழுக் கவனத்தோடு செய்வது தன்னளவிலேயே ஒரு அறம் என்ற எண்ணம் நம் வட்டத்தில் கேள்வியின்றிப் புழங்கி வருகிறது. ஒரு சொல்லுக்காக மூன்று வாரம் காத்திருக்கிற கவிஞன், காத்திராதவனைவிடக் கலைஞனாக மட்டுமல்ல, மனிதனாகவும் மேலானவன் என்று சொல்லாமலே நம்புகிறோம். இதைச் சோதிக்க இலக்கியத்துக்கு வெளியிலிருந்து ஒரு உதாரணம் எடுத்துக்கொள்கிறேன். உள்ளேயிருந்து எடுத்தால் விஷயம் ஆள் பேரில் போய் முடியும்.

ஜப்பானிய ராணுவத்தின் அரிசாகா துப்பாக்கிகளில் இரண்டு வகை பிரசித்தம். ஒன்று 38ஆம் மாதிரி, 6.5 மில்லிமீட்டர், 1905ல், மெய்ஜி ஆட்சியின் 38ஆம் வருஷத்தில், ஏற்கப்பட்டது. மற்றது 1939ன் 99ஆம் மாதிரி, 7.7 மில்லிமீட்டர், ஜப்பானின் புராண வருஷக் கணக்கில் அது 2599. யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் இவற்றை நினைவுப் பொருளாகக் கொண்டுபோனார்கள். தோட்டா செய்த ராணுவம் 1945ல் இல்லாமல் போயிற்று. ஒன்றிரண்டு கம்பெனிகளின் தோட்டா விலை அதிகம், நினைத்தபோது கிடைப்பதுமில்லை. ஆகவே துப்பாக்கி வைத்திருப்பவர்கள் பலர் வீட்டு மேஜையில் தாங்களே தோட்டா தயாரிக்கிறார்கள்.

இவர்களுக்கான கைநூல்களைப் படித்திருக்கிறேன், துப்பாக்கியைத் தொட்டதில்லை. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூட்டிலிருந்து எரிந்த ப்ரைமரைத் தட்டி எடுக்க வேண்டும். கூட்டை எஃகு அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நீண்டிருந்தால் வெட்டி, புது ப்ரைமர் பொருத்தி, மருந்தை நிறுத்துப் போட்டு, வாயில் ரவையை உட்கார வைக்க வேண்டும். 7.7க்குக் கூடு அகப்படாதபோது அமெரிக்க 30-06 கூட்டை வெட்டிக் குறுக்குகிறார்கள். அதன் அடிப்பாகம் ஒரு மயிரிழை சிறியதாகையால் சுட்டதும் அங்கே லேசாகப் புடைக்கும். மருந்தின் எடை கிரெயின் கணக்கில். தானிய மணியிலிருந்து பிறந்த அளவு, நம் குன்றிமணி மாதிரி. ஒரு பவுண்டுக்கு 7000. அதிலும் பத்தில் ஒரு பங்குவரை, அதாவது ஆறரை மில்லிகிராம்வரை, நிறுக்கிறார்கள். வங்கியில் நகைக்கடன் மேஜையில் வருஷக்கணக்காக உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் இந்த நிறுவையை நான் அலட்சியமாகப் பேச முடியாது.

இந்தக் கவனம் அறிவையும் தருகிறது. ஆரம்பகால 99ஆம் மாதிரியின் குழலுக்கு உள்ளே குரோமிய முலாம் உண்டு. யுத்தக் கடைசியில் வந்தவற்றில் முலாம் இல்லை. கட்டையின் அடியில் இரும்புத் தகட்டுக்குப் பதில் மரத்துண்டு. குறிமுள் தூரத்துக்கேற்ப நகராது. ஒரு சாம்ராஜ்யம் மூச்சுவாங்குவதை இவர்கள் உலோகத்தில் படிக்கிறார்கள். சரித்திரப் பாடப்புத்தகம் இவ்வளவு ஸ்தூலமாகச் சொல்லாது.

ஆனால் இந்தப் பார்வை குழலின் வாயோடு நின்றுவிடுகிறது. அதற்கு முன்னால் யார் நின்றார்கள் என்பது தராசில் ஏறுவதில்லை. 1937ல் சீனாவுக்குள் போன படைகளின் கையில் இருந்தது 38ஆம் மாதிரி. 1942-43ல் சயாம்-பர்மா ரயில்பாதை 415 கிலோமீட்டர் போடப்பட்டபோது மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். காவலர் தோளில் இருந்தவை இந்தத் துப்பாக்கிகள். பெரும்பாலும் சுடத் தேவையிருக்கவில்லை. காலராவும் பசியும் பார்த்துக்கொண்டன. தோட்டா இல்லாத துப்பாக்கி வெறும் இரும்பு என்பது கைநூல்காரர்களின் ஆதாரமான எண்ணம். அந்தப் பாதையிலோ அது தோட்டா செலவில்லாமலே வேலை செய்தது.

ஹைடெக்கர் 1927ல் சுத்தியலை வைத்துச் சொன்னது இங்கே பொருந்தும். கருவி சரியாக இயங்கும்வரை கண்ணில் படுவதில்லை. பழுதானதும் பொருளாக எதிரே நிற்கிறது. தோட்டா கிடைக்காத அரிசாகா அப்படி எதிரே நின்றது. நீ யாருடையது, யாருக்காக என்று கேட்க இடம் கொடுத்தது. கையால் தோட்டா செய்தவன் அதைத் திரும்பவும் கருவியாக்கினான். இனி அதனிடம் கேட்க ஒரே கேள்விதான்: நேராகச் சுடுகிறதா? அவன் சுடுவது காகித இலக்கை. யாருக்கும் தீங்கு செய்யவில்லை. அவனைக் குற்றம் சாட்டுவது என் நோக்கமல்ல. அவனுடைய நேர்த்தி ஒரு கேள்விக்கு இவ்வளவு பூரணமாகப் பதில் சொல்வதாலேயே மற்ற கேள்வி எழாமல் போகிறது என்கிறேன்.

உருவத்தைப் பழிப்பவர்கள் இதற்குக் கைதட்ட அவசரப்பட வேண்டாம். அவர்களுடைய வழிக்கும் இதே துப்பாக்கியில் உதாரணம் இருக்கிறது. தோட்டா அறையின் மேல் பதினாறு இதழ்ச் செவ்வந்தி பொறித்திருக்கும். துப்பாக்கி சக்கரவர்த்தியின் சொத்து என்பதற்கு அடையாளம். சரணாகதிக்குப் பிறகு கைமாறிய துப்பாக்கிகள் பலவற்றில் இந்தப் பூ அராவப்பட்டிருக்கிறது. அடையாளம் போனால் பொறுப்பும் போயிற்று. 1946 முதல் 1948 வரை நடந்த டோக்கியோ விசாரணையில் சக்கரவர்த்தி நிறுத்தப்படவில்லை. ஒரு படைப்பின் மீது உள்ள கொள்கை முத்திரையை மட்டும் பார்த்து, பிடிக்காததை அராவிவிட்டு, தீர்ப்பு முடிந்தது என்று எழுந்து போகும் விமர்சனமும் அரம் பிடித்த கைதான். அராவியதால் அந்தக் குழல் ஒரு நூல்கூடக் கோணவில்லை.

ஆகக் கவனம் அறமல்ல. அறத்துக்கு வேண்டிய பார்வைச் சக்தி. எந்தப் பக்கம் திரும்புவது என்பதை அது தானே தீர்மானிப்பதில்லை. அதைக் கைவிட்டாலோ பார்ப்பதற்கே ஒன்றுமில்லாமல் போகும்.

இன்று சேகரிப்பாளர் சந்தையில் பூ அழியாத துப்பாக்கிக்கு விலை கூடுதல். சிலர் அராவிய இடத்தில் பூவைத் திரும்பப் பொறித்துக்கொள்கிறார்கள். சிலர் அரத்தின் தடத்தைத் தொடாமல் அப்படியே விட்டு வைக்கிறார்கள். துருவேறாமல் எண்ணெய் மட்டும் இடுகிறார்கள். இதுவும் செய்நேர்த்திதான், முதல் வகையைவிடக் கடினமானது. நம் எழுத்தில் இந்த இரண்டாவது வகை எவ்வளவு இருக்கிறது என்பதே என் கேள்வி.